வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்த குண்டு

செம்மண்குளம் கலைக் கல்லூரியின் கீழ்த்தள வராந்தாவில் ஓர் இரும்புக் குண்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பருவத்தில், அது ஏன் ஓடுகிறது என்று முதல்வருக்குத் தெரிந்திருந்தது, வாசலில் வெள்ளரிப் பிஞ்சு விற்றவளுக்குத் தெரிந்திருந்தது, விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கும் தெரிந்திருந்தது. அதை உருட்டிவிட்ட தங்கபுஷ்பம் மட்டும்தான் அது ஓடுவதற்குக் காரணம் எதுவும் கிடையாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள், அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தங்கபுஷ்பம் அந்தக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், அதாவது ஒவ்வொரு ஜூன் மாதமும் திரும்பக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறவள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது ஒரே பாடம்தான். 'அன்றாட வாழ்வில் இயற்பியல்' என்று அதற்குப் பெயர். இயற்பியல் படிக்காத பிள்ளைகளுக்கு, வரலாறு, வணிகவியல், தமிழ் என்று வேறு எதையாவது படிக்க வந்தவர்களுக்கு, கணக்கே இல்லாமல் கருத்தை மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம். கம்ப்யூட்டர் வகுப்பில் இடம் கிடைக்காதவர்களைக் கொண்டுவந்து தள்ளுகிற இடமாக அது இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் மணி நேரம், வெயில் ஜன்னல் வழியாகப் பாதி பெஞ்சுவரை ஏறியிருக்கும், பிள்ளைகள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவார்கள். ஆனாலும் தங்கபுஷ்பத்துக்கு அந்தப் பாடத்தின் மேல் ஒரு வெறி இருந்தது. கணக்கில்லாமல் ஒருவனுக்கு இயற்பியல் புரிந்துவிட்டால் அது அவன் எலும்புக்குள் போய்விடும், சாகும்வரை போகாது என்று அவள் நம்பினாள். அப்படி ஒருவருக்காவது புரிந்ததை அவள் இதுவரை பார்த்ததில்லை.

வருடாவருடம் அவள் உடற்கல்வித் துறையிலிருந்து, குண்டு எறியும் போட்டிக்கு வைத்திருக்கும் இரும்புக் குண்டை வாங்கிவந்து, வகுப்புத் தரையில் மெல்ல உருட்டிவிடுவாள். குண்டு கொஞ்ச தூரம் உருண்டு நின்றுவிடும். ஏன் நின்றது என்று கேட்பாள். வருடாவருடம் ஒரே பதில் வரும்.

"தள்ளுன தெம்பு தீந்துபோச்சு மேம்."

குண்டுக்குள் தெம்பு என்று ஒன்றும் இல்லை, தரையின் உராய்வுதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது, நிறுத்த எதுவும் இல்லாவிட்டால் அது நேராக, அதே வேகத்தில், நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும் என்று அவள் சொல்வாள். ஐஸ் கட்டியைச் சொல்வாள், எண்ணெய் கொட்டிய தரையைச் சொல்வாள், கேரம் போர்டில் பவுடர் போடுவதைச் சொல்வாள். பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள், இந்த முதல் இயக்க விதியை ஒரு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து எழுதுவார்கள், தேறுவார்கள், வெளியே போய்க் கல்யாணம் செய்து பிள்ளை பெறுவார்கள், தலைக்குள் இருந்த தெம்பு மட்டும் அப்படியே இருக்கும். ஒருமுறை மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த பழைய மாணவன் ஒருவனைப் பார்த்து, ஓடுகிற வண்டி ஏன் நிற்கிறது என்று ஆசையோடு கேட்டாள். "டீசல் தீந்தா நின்னுரும்லா மேம்" என்று அவன் மரியாதையாகச் சொன்னான். அன்றைக்கு அவள் தன் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி நடந்து போனாள்.

அந்த வருடம் வகுப்பில் இசக்கிப்பிரியா என்று ஒருத்தி இருந்தாள். வரலாறு முதலாண்டு. கம்ப்யூட்டர் வகுப்பு கிடைக்காத கோபத்தைக் கொஞ்சமும் குறையாமல் வாரம்தோறும் கொண்டுவந்து முன்பெஞ்சில் உட்காருவாள். தங்கபுஷ்பம் உராய்வைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அவள் எழுந்தாள்.

"நீங்க சொல்லுறத எழுதிக்கிடுதேன் மேம். ஆனா நம்பல."

"ஏன் நம்பல?"

"நிக்காம ஓடுற ஒண்ண நான் பாத்ததே இல்ல. நீங்க பாத்துருக்கீங்களா?"

தங்கபுஷ்பம் பார்த்ததில்லை. இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, உறைத்ததும் எரிச்சல் வந்தது, அந்த எரிச்சலில் கரும்பலகைக்கு அடியில் கிடந்த குண்டை எடுத்து, பெஞ்சுகளுக்கு நடுவே இருந்த வழியில், வாசலைப் பார்த்து உருட்டிவிட்டாள். அந்த வகுப்பறை கட்டடத்தின் கிழக்குக் கோடியில் இருந்தது. வாசலுக்கு நேராக வராந்தா, வராந்தாவின் மறுகோடியில் முதல்வர் அறையின் சுவர். குண்டு வாசலைத் தாண்டியது, வராந்தா முழுக்க ஓடியது, முதல்வர் அறைச் சுவரில் டொக்கென்று முட்டித் திரும்பியது, அதே வேகத்தில் வகுப்புக்குள் வந்து கரும்பலகைச் சுவரில் முட்டியது, மறுபடி வெளியே போனது. பிள்ளைகள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மணி அடித்தது, அடுத்த வகுப்பு வந்தது, குண்டு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

யாரோ போலீசுக்கு போன் போட்டு, கல்லூரி வராந்தாவில் குண்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டதால், மறுநாள் காலையில் மோப்ப நாயோடு ஒரு கூட்டமே வந்து இறங்கியது. நாய் குண்டைப் பின்தொடர்ந்து ஓடிக் களைத்துப்போய்ப் படுத்துவிட்டது. முதல்வர் குமரகுருபரன் தமிழ்ப் பேராசிரியர், யாரையும் கடிந்து பேசாதவர். அவர் எல்லோரையும் கூட்டி வைத்து, வல்லுநர்கள் வந்து பார்க்கும்வரை ஒருவரும் அதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். வல்லுநர்கள் என்று பக்கத்துப் பொறியியல் கல்லூரியிலிருந்து சிலர் வந்தார்கள், தரைக்குக் கீழே காந்தம் இருக்கும் என்று இரண்டு கல்லைப் பெயர்த்தார்கள், மண்தான் இருந்தது. எங்கிருந்து இதற்குச் சக்தி கிடைக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

"சக்தியே வேண்டாம் சார்" என்று தங்கபுஷ்பம் தன் துறைத்தலைவர் ஜெயசிங்கிடம் மன்றாடினாள். "ஓடுறதுல அதிசயமே இல்ல. இந்தத் தரையில உராய்வு எங்க போச்சுன்னு கேக்கணும். அதுதானே சார் கேள்வி?"

ஜெயசிங் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாடத்திட்டத்துல எல்லாத் தரைக்கும் உராய்வு உண்டு புஷ்பம். அதனால நம்ம துறை இதப் பத்திப் பேச வேண்டாம்."

கல்லூரி அந்தக் குண்டுக்குப் பழகிக்கொண்டது. சாக்கடையைத் தாண்டுவதுபோலப் பிள்ளைகள் குனிந்து பார்க்காமலே அதைத் தாண்டினார்கள்; தண்ணீர்ப் பானை ஓரமாகப் போயிற்று; கிழக்கு வகுப்பின் கதவை இனிச் சாத்த முடியாது என்பதால் கழற்றி எடுத்துவிட்டார்கள்; முதல்வர் தன் சுவரில் டொக் கேட்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, கேட்டு முடித்துத் தொடர்ந்தார், நாளடைவில் அவர் மேடைப் பேச்சிலும் அதே இடைவெளி விழத் தொடங்கி, அது நன்றாக இருக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

பிறகு சனங்கள் வந்தார்கள். தாலுகா ஆபீசில் பட்டா மாறுதல் கிடப்பில் கிடந்த ஒருவர், தன் மகனைச் சேர்க்க வந்த இடத்தில் குண்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரமே தாசில்தார் மாற்றலாகி, புதிதாக வந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவ்வளவுதான், நின்றுபோன காரியம் உள்ளவர்கள் எல்லோரும் கிளம்பி வந்தார்கள். நிச்சயத்தோடு நின்ற கல்யாணங்கள், அஸ்திவாரத்தோடு நின்ற வீடுகள், வாய்தாவிலேயே நின்ற வழக்குகள், பாதியில் நின்ற ஆழ்துளைக் கிணறுகள் என்று ஒவ்வொன்றையும் மனதில் சுமந்துகொண்டு வராந்தாவின் நீளத்துக்கு வரிசை நின்றார்கள். ஓட்டச்சாமி என்று பெயர் வைத்தார்கள். உருளுகிற குண்டுக்கு மாலை போட முடியாததால் அது முட்டுகிற சுவருக்குப் போட்டார்கள். வாசலில் ரப்பர் பந்துகளுக்குக் குங்குமம் வைத்து விற்றார்கள்.

வரிசை வளர வளர, கிழக்கு வகுப்பறை பக்தர்கள் செருப்பு விடுகிற இடமானது, 'அன்றாட வாழ்வில் இயற்பியல்' சைக்கிள் ஷெட்டுக்குப் போனது. பாதிப் பிள்ளைகள் கூட்டத்தை ஒழுங்கு செய்யும் தொண்டர்களாகி வராந்தாவில் கயிறு பிடித்து நின்றார்கள். மீதிப் பேருக்குத் தங்கபுஷ்பம் தகரக் கூரையின் கீழே வியர்வை வழிய முதல் விதியை மறுபடி நடத்தினாள். ஒருநாள் தாங்க முடியாமல் தொண்டர்களிடமிருந்து மைக்கைப் பிடுங்கி, வரிசையில் நின்றவர்களுக்கே விளக்கிச் சொன்னாள். இதற்குள் தெம்பு எதுவும் இல்லை, தள்ளுகிறவர் யாரும் இல்லை, நிறுத்த ஆளில்லாததால் ஓடுகிறது, அவ்வளவுதான் என்றாள். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். முன்னால் நின்ற ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாச் சொன்ன தாயி. அந்தத் தெம்புல கொஞ்சம் எங்க மருமவனுக்கு வந்தாப் போதும், வேலைக்குப் போயிருவான்" என்றாள்.

வீட்டில் அவள் கணவன் செல்வின், மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவன், அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனான்.

"ஊரே சந்தோசமா இருக்கு, நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுருக்க?"

"நான் சொன்னது சரின்னு அந்தக் குண்டு ராப்பகலா ஓடிக் காட்டுதுங்க. ஒருத்தருக்காவது அது கண்ணுல படுதா?"

செல்வின் சோற்றைப் பிசைந்துகொண்டே அவளைப் பார்த்தான். உண்மையாகவே அவளுக்கு ஆறுதலாக எதையாவது கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் கேட்டான்.

"அப்போ கரண்ட் இல்லாமலா ஓடுது?"

தங்கபுஷ்பம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோனாள்.

உள்தேர்வில் அவள் இரண்டு கேள்விகள் வைத்தாள். முதல் விதியை எழுதுக என்பது ஒன்று. நம் வராந்தாவில் ஓடும் குண்டை முன்னோக்கித் தள்ளும் விசை எது என்பது இன்னொன்று. எதுவும் இல்லை என்று ஒருவர் எழுதினால் போதும், இத்தனை வருடமும் வீணில்லை என்று நினைத்துக்கொண்டாள். முதல் கேள்விக்கு எல்லோரும் காற்புள்ளிகூட விடாமல் சரியாக எழுதியிருந்தார்கள். இரண்டாவதற்கு உள்விசை என்று எழுதியிருந்தார்கள், காந்தம், இறையருள் என்று எழுதியிருந்தார்கள், நீங்கள் தள்ளிய விசை என்று அவளைக் குளிர்விக்கவும் ஒருவன் எழுதியிருந்தான். இசக்கிப்பிரியா மட்டும், 'தெரியவில்லை. யாரும் தொட்டுப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தாள். தங்கபுஷ்பம் அதற்குப் பூஜ்யம் போட்டாள், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டாள்.

விடைத்தாள் கொடுத்த அன்று இசக்கிப்பிரியா ஷெட்டிலேயே சண்டைக்கு வந்தாள்.

"எனக்கு எதுக்கு மேம் பூஜ்யம்?"

"எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கணும். அதத்தானே வாரா வாரம் கத்துறேன்?"

"எதுவும் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க தொட்டுப் பாத்தீங்களா?"

"தொடக் கூடாதுன்னு முதல்வர் சொல்லியிருக்காரு."

சொல்லி முடிப்பதற்குள் தங்கபுஷ்பத்துக்கே அந்தப் பதில் கூசியது. இசக்கிப்பிரியா விடைத்தாளை மடித்தாள்.

"அவங்க சாமிங்காங்க, நீங்க விதிங்கீங்க. ரெண்டு பேருமே கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னுதான் பாக்கீங்க மேம்."

அவள் போன பிறகு தங்கபுஷ்பம் வெகுநேரம் சைக்கிள்களுக்கு நடுவில் நின்றாள். கோபம் வந்தது, ஆனால் யார் மேல் என்று தெரியவில்லை. உண்மையில், முதல்வர் சொன்னதற்காக அவள் தொடாமல் இருக்கவில்லை. தொட்டால் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். நின்றுவிட்டால், தான் சொல்வது சரி என்று காட்ட உலகத்தில் அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

ஓட்டச்சாமிக்குக் கண்ணாடித் தடுப்பு வைக்கிற விழாவுக்குத் தொகுதி எம்.எல்.ஏ. வந்திருந்த நாளில்தான் அது நடந்தது. மேளம் அடித்தது, வராந்தாவின் இரண்டு பக்கமும் சனம் நெருக்கியடித்தது, முதல்வர் வரவேற்புரையில் டொக்குக்கு டொக் நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். கயிறு பிடித்து நின்ற தொண்டர்களில் அன்றைக்கு இசக்கிப்பிரியாவும் ஒருத்தி. அவள் கயிற்றைக் கீழே போட்டாள், வராந்தாவின் நடுவில் போய் மண்டியிட்டாள், இரண்டு உள்ளங்கைகளையும் தரையோடு சேர்த்து வைத்துக்கொண்டு குண்டு வருகிற திசையைப் பார்த்துக் காத்திருந்தாள். கும்பிடப் போகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். குண்டு வந்து அவள் கையில் இடித்தது. அவள் கொஞ்சம் பின்னால் சரிந்தாள், பல்லைக் கடித்தாள், குண்டு நின்றது.

மேளம் தானாக அடங்கியது. அவள் கையை எடுக்கவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற மாதிரி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அந்த இரும்பின் மேல் கை வைத்தபடி இருந்தாள். பிறகு மெதுவாக, ஒரு விரலுக்குப் பின் ஒரு விரலாக எடுத்தாள். குண்டு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"கொன்னுட்டாளே பாவி!" என்று ஒரு குரல் எழுந்ததும் வராந்தாவே கத்தத் தொடங்கியது. அந்தக் கத்தலுக்கு நடுவில் இசக்கிப்பிரியா எழுந்து, கூட்டத்துக்குள் தங்கபுஷ்பத்தைத் தேடிப் பிடித்து, எல்லோரையும் விடப் பெரிதாகக் கத்தினாள்.

"தள்ளல மேம்! உள்ள தெம்பு இருந்துருந்தா, பிடிச்சு வச்சுருந்தப்ப என் கைய மறுபடி மறுபடி தள்ளியிருக்கணும்லா? வந்து முட்டுனப்ப ஒரு இடி, அவ்வளவுதான்! அப்புறம் சும்மா இருந்துச்சு. கைய விட்டேன், அப்பவும் கிளம்பல. உள்ள ஒண்ணுமே இல்ல மேம்! முந்தியும் இருந்திருக்காது!"

 இப்படி ஒரு வாதத்தைத் தங்கபுஷ்பம் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை, அவளுக்கே அது தோன்றியதில்லை. கட்டிப் பிடித்து அழ வேண்டும் போல இருந்தது, ஆனால் அதற்குள் யாரோ பிள்ளையின் சடையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். தங்கபுஷ்பம் முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு போய், அவளை முதல்வர் அறைக்குள் இழுத்துப் போட்டுத் தாழ்ப்பாள் போட்டாள்.

வெளியே எம்.எல்.ஏ. தன் கையாலேயே குண்டை எடுத்து உருட்டிவிட்டார். அது பானைவரை போய் நின்றது. யார் யாரோ உருட்டிப் பார்த்தார்கள். தெம்பை அந்தப் பெண் உறிஞ்சிவிட்டாள் என்று முடிவு செய்துகொண்டு சனம் கலைந்தது.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. ஜெயசிங்கும் இருந்தார். பெண்ணைக் கல்லூரியை விட்டே எடுக்க வேண்டும் என்று வெளியே கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கபுஷ்பம் வருகிற வழியிலேயே முடிவு செய்துவிட்டிருந்தாள்.

"நான்தான் சார் நிறுத்தச் சொன்னேன். பாடத்துக்காக. அவ மேல தப்பு இல்ல."

குமரகுருபரன் பெருமூச்சு விட்டார், அவருக்கும் அது வசதியாக இருந்தது. ஆனால் இசக்கிப்பிரியா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"பொய் சொல்லாதீங்க மேம்."

"நீ சும்மா இரு."

"சும்மா இருக்க மாட்டேன். நானா யோசிச்சேன், நானா செஞ்சேன். நீங்க அதுக்குப் பூஜ்யம்தான் போட்டீங்க. இப்ப வந்து உங்களுதுன்னு எடுத்துக்கிடாதீங்க."

"ஏட்டி, உன்னக் காப்பாத்தத்தான்..."

"தெரியும் மேம். தெரிஞ்சுதான் சொல்லுதேன்."

முதல்வர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரில் சத்தம் வராததால் எங்கே நிறுத்திப் பேசுவது என்று தெரியாமல் அவர் தடுமாறினார். கடைசியில் இருவரையுமே தண்டித்தார். பெண் அந்தப் பருவம் முடியும்வரை கல்லூரிக்குள் வரக் கூடாது, தேர்வு மட்டும் எழுதலாம். தங்கபுஷ்பத்தை வரும் ஜூனில் கூப்பிடப் போவதில்லை. 'அன்றாட வாழ்வில் இயற்பியல்' எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் ஆளுமை வளர்ச்சி வகுப்பு வரும். நல்ல முடிவு என்றார் ஜெயசிங்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. நின்ற குண்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே புதிதாக ஒரு கூட்டம் வரத் தொடங்கியது: புருஷனின் குடி நிற்க வேண்டும், மாமியாரின் வாய் நிற்க வேண்டும், வீட்டுக்கு மேலே போகிற மின்கம்பி வேலை நிற்க வேண்டும், நாள்பட்ட விக்கல் நிற்க வேண்டும் என்று வந்தார்கள். அவர்களைப் பார்த்து முதலில் தங்கபுஷ்பத்துக்கு அழுகை வந்தது, பிறகு அதுவும் வரவில்லை.

கடைசி வேலைநாளில் அவள் மதியமே கிளம்பினாள். சாப்பாட்டுப் பாத்திரத்தை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கேட்டைத் தாண்டி எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். உள்ளே வரக் கூடாத இசக்கிப்பிரியா அங்கே உட்கார்ந்திருந்தாள், வெகுநேரமாக உட்கார்ந்திருந்தவள் போலத் தெரிந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மேம், ஒரு எடத்துல இடிக்கி."

"என்ன இடிக்கி?"

அவள் வானத்தைக் காட்டினாள். வெயிலுக்குள் வெளுத்துப்போய், வேப்பமரத்துக்கு மேலே பகல் நிலா நின்றது.

"அதையும் யாரும் தள்ளலைல்லா? அப்ப அது நேராத்தான போயிருக்கணும்? ஏன் நம்மளயே சுத்திக்கிட்டுக் கெடக்கு?"

தங்கபுஷ்பம் பெஞ்சில் உட்கார்ந்தாள். வேலை போன அன்றைக்கு இந்தக் கேள்வி வந்திருக்கிறதே என்று ஆத்திரமாக இருந்தது. சில மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா, ஒரு நல்ல வகுப்பறையில், மின்விசிறிக்குக் கீழே வந்திருக்கக் கூடாதா.

"நீ என்ன நெனைக்க?"

"பூமி சுத்துதுல்லா, அதோட சேந்து அதையும் இழுத்துக்கிட்டுப் போவுதுன்னு நெனைக்கேன்."

"தப்பு."

"எப்படித் தப்புங்கீங்க?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறுதீங்களாக்கா, இல்லையா?" என்று கேட்டார். தங்கபுஷ்பம் அவரைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிறகு எழுந்து ரோட்டோரத்துக் காலி இடத்துக்குப் போய், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, "விலகி நில்லு" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக் கூடையை அதன் நீளமான காதைப் பிடித்துத் தலைக்கு மேலே சுற்றத் தொடங்கினாள். கூடை காற்றைக் கிழித்துக்கொண்டு சுற்றியது, உள்ளே பாத்திரம் கடகடத்தது, பஸ் ஜன்னல்களில் தலைகள் நீண்டன.

"என் கை அத எந்தப் பக்கம் இழுக்கு? பாரு."

"உங்க பக்கம்."

"கை விட்டா எங்க போகும்?"

இசக்கிப்பிரியா இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். சுற்றுகிற கூடையையே கண் கொட்டாமல் பார்த்தாள்.

"தெரியல மேம். விடுங்க, பாப்போம்."

தங்கபுஷ்பம் விட்டாள்.